எமது வளவும் கல்லுண்டாய் வெளியும்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றப்பட்ட உரை)

நூற்றாண்டு விழாவிலே வைத்தியத் தொழிலில் இருக்கும் எங்களைச் சுகாதாரம் பற்றிப் பேசும்படி கேட்டிருந்தார்கள். நீரிழிவு, உயர் குருதி அமுக்கம், முழங்கால் நோ என்று நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். அவற்றைப் பற்றிப் பேச இன்னும் பல கூட்டங்கள் வரும். இன்று நாங்கள் தெரிவு செய்த பொருள் குப்பை. விழா மேடைக்கு இது பொருத்தமா என்று ஒரு சிலர் முகம் சுளிக்கலாம். ஆனால் இந்த மண்டபத்திலே இருக்கும் ஒவ்வொருவரும் இன்று காலையில் தொட்ட பொருள் இது. எமது கைகளிலிருந்து போன பின்னர் அது எங்கே போகின்றது என்பதைத்தான் நாம் கேட்பதில்லை.

யாழ்ப்பாண நகரிலே எமது ஒழுங்கைகளில் சேரும் குப்பை உழவு இயந்திரப் பெட்டிகளில் ஏறி நகரின் மேற்கே கல்லுண்டாய் வெளிக்குப் போகின்றது. காரைநகர்ப் பக்கம் பயணம் செய்தவர்களுக்கு அந்த வெளி தெரியும். ஒரு பக்கம் கடலேரி, மறுபக்கம் உவர் நிலமும் வயலும். தெல்லிப்பழைப் பக்கத்திலிருந்து மாரியில் ஓடிவரும் எமது ஒரேயொரு ஆறான வழுக்கையாறு கடலேரியைச் சேர்வதும் அந்தப் பகுதியிலேதான். அங்கே நகரின் குப்பை மலையாகக் கிடக்கின்றது. கோடையில் அது தீப்பற்றுகின்றது. பற்றினால் உடனே அணைவதில்லை. உள்ளுக்குள்ளே கனன்று கொண்டிருக்கும். காற்று எந்தப் பக்கம் வீசுகின்றதோ அந்தப் பக்கத்து ஊர் அன்றைக்கு இருமும். அயல் கிராம மக்கள் பலமுறை வீதிக்கு வந்து எதிர்ப்புத் தெரிவித்திருக்கிறார்கள். அந்தச் செய்தியை நாம் பத்திரிகையில் வாசிக்கிறோம். அந்தப் பத்திரிகையும் ஒரு கிழமையில் அதே வெளிக்குப் போய்ச் சேர்கின்றது.

இது யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரிய கதை அல்ல. எமது சகோதரிகள் பெருந்தொகையாக வாழும் ரொறன்ரோ நகரம் தனது கீல் வலி குப்பை நிலத்தை 2002ஆம் ஆண்டு முடிவில் மூடியது. அதன் பின்னர் 2010ஆம் ஆண்டு முடிவு வரை அந்த நகரின் குப்பை பாரவூர்திகளில் எல்லை கடந்து அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துக்குப் போனது. கொழும்பிலே மீதொட்டமுல்லைக் குப்பை மேடு 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, புதுவருட நாளன்று, குடியிருப்புகளின் மேல் சரிந்து 30இற்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அதன் பின்னர் கொழும்பின் குப்பைக்குப் புத்தளத்து அறுவக்காடு ஒதுக்கப்பட்டது. புத்தளம் மக்கள் அதை எதிர்த்து நீண்ட போராட்டம் நடத்தினார்கள். பெரிய நகரோ சிறிய நகரோ, தனது குப்பையை வைப்பதற்குத் தன்னைவிடக் குரல் குறைந்த ஓர் ஊரைத் தேடுகின்றது. எமக்கு அந்த ஊர் கல்லுண்டாய்.

ஆனால் எங்களுக்கும் மற்றைய நகரங்களுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. இந்தக் குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கின்றது. அந்தக் கல்லிலே வெடிப்புகளும் குகைகளும் நிறைய உண்டு. மழை நீர் அவற்றின் வழியே விரைவாக இறங்கி நிலத்தடியில் தங்குகின்றது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு எமக்கில்லை. கிணறுதான் எமது ஆறு. மழைநீர் இறங்கும் அதே வழியால் மற்றவையும் இறங்கும். உரமும் மலக்குழிக் கழிவும் கலந்து எமது கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று கூடியிருப்பது நீண்ட காலமாக அறியப்பட்ட விடயம். சுன்னாகத்தில் மின் நிலையத்தின் கழிவெண்ணெய் அயற் கிணறுகளில் கலந்தது உங்களுக்கு நினைவிருக்கும். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம், மாசுபடுத்தியவரே செலவைத் தாங்க வேண்டும் என்ற கோட்பாட்டின்படி, 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்தும்படி தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தது நல்லது. ஆனால் எந்தத் தீர்ப்பாலும் ஒரு கிணற்றை இறைத்துக் கழுவிப் பழைய கிணறாக்க முடியாது. ஆகவே குப்பையைப் புதைத்து விட்டோம், கண்ணுக்கு மறைந்தது என்று இந்த மண்ணிலே யாரும் ஆறுதல் கொள்ள முடியாது.

எமது பாட்டிமார் காலத்திலே குப்பை ஒரு பிரச்சினையாக இருக்கவில்லை. அவர்கள் எம்மைவிடப் பெரிய அறிவாளிகள் என்பதால் அல்ல. அவர்களிடம் இருந்த குப்பை உக்கியது. வளவின் மூலையில் குப்பைக் கிடங்கு இருந்தது. கூட்டிய சருகு, சாம்பல், மாட்டுச் சாணம், அடுப்படிக் கழிவு எல்லாம் அதற்குள் போயின. தோட்டத்திலே ஆடு பட்டி அடைத்தார்கள். பூவரசங்குழையும் பனையோலையும் மண்ணிலே தாழ்த்தினார்கள். புகையிலையும் வெங்காயமும் மிளகாயும் விளைந்தது அந்தக் குப்பையிலேதான். சந்தைக்கு உமலும் கடகமும் போயின. பனையோலைக் குட்டான், வாழையிலை, தேங்காய்ச் சிரட்டை எல்லாம் பாவித்து முடிந்ததும் மண்ணுக்கோ அடுப்புக்கோ போயின. "குப்பை" என்ற சொல்லே எமது விவசாயிகளின் வாயில் பசளையைத்தான் குறித்தது.

அதே குப்பைக் கிடங்குக்குள் இன்று சொப்பிங் பை, லஞ் சீற், யோகட் கப், தண்ணீர்ப் போத்தல், பம்பர்ஸ் எல்லாம் விழுகின்றன. பழக்கம் பழையது, பொருள் புதியது. அரசாங்கம் சட்டங்கள் கொண்டுவராமலும் இல்லை. 2017 செப்டெம்பரில் லஞ் சீற்றும் ரெஜிபோம் உணவுப் பெட்டியும் 20 மைக்ரோனிலும் மெல்லிய பொலித்தீனும் தடை செய்யப்பட்டன. 2021இல் சஷே பைக்கற்றுகள் சிலவற்றுக்கும் காது துடைக்கும் குச்சிகளுக்கும் தடை வந்தது. 2023 ஒக்டோபரில் பிளாஸ்ரிக் உறிஞ்சுகுழாய், கரண்டி, கோப்பை, பூமாலை என்பவற்றோடு இடியப்பத் தட்டும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. இடியப்பத் தட்டு வரை சட்டம் எங்கள் அடுப்படிக்குள் வந்துவிட்டது. இருந்தும் இன்றைக்கு மதியம் நகரத்தில் எந்தச் சாப்பாட்டுக் கடையில் ஒரு பார்சல் வாங்கினாலும் அது எதிலே சுற்றி வரும் என்பதை நாம் சொல்லத் தேவையில்லை.

எங்கள் குப்பையில் அரைவாசிக்கும் மேற்பட்டது உக்கக்கூடியது. மரக்கறித் தோல், மிஞ்சிய சோறு, தேங்காய்ப்பூச் சக்கை, மீன் செதில், சருகு. இது தனியே இருந்தால் பசளை. போத்தல், தகரம், கடதாசி, மட்டை ஆகியவை தனியே இருந்தால் காசு. இரண்டையும் ஒரே பையில் போட்டு முடிச்சுப் போட்டால், பசளையும் இல்லை, காசும் இல்லை. நாற்றம் மட்டுமே மிச்சம். ஈரக் கழிவு பட்ட கடதாசியைப் பழைய பொருள் வாங்குபவர் எடுக்க மாட்டார். பொலித்தீன் கலந்த கழிவை எந்தப் பசளை நிலையமும் பயன்படுத்த முடியாது. ஆகவே குப்பை உண்டாகும் இடம் கல்லுண்டாய் அல்ல. எமது குசினியில், அந்த முடிச்சுப் போடும் நேரத்தில்தான் அது உண்டாகின்றது.

இனி எங்கள் தொழில் சார்ந்து மூன்று விடயங்களைச் சொல்ல வேண்டும்.

முதலாவது, எரிப்பது. காலையில் வளவு கூட்டி ஒரு மூலையில் குவித்து நெருப்பு வைப்பது எமது ஊரின் வழக்கம். சருகுப் புகையே இழுப்பு உள்ள பிள்ளைக்குத் தீங்கு. அதனுடன் பிளாஸ்ரிக்கையும் சேர்த்து எரிக்கும்போது நுண்துகள்களோடு, டயொக்சின் போன்ற நச்சுப் பொருள்களும் உண்டாகின்றன. வளவு மூலையில் எரியும் நெருப்புக்கு அவற்றை அழிக்கும் அளவு வெப்பம் இல்லை. அந்தச் சாம்பலை வாழைக்கும் கீரைக்கும் போடுகிறோம். இரவில் இழுப்பு முற்றி மூச்சு வாங்கியபடி வரும் பிள்ளைகளின் தாய்மாரிடம் வீட்டில் யாராவது புகைப்பார்களா என்று கேட்கிறோம். இல்லை என்பார்கள். அயலில் குப்பை எரிப்பார்களா என்று கேட்டால், அதற்கு மட்டும் மறுமொழி வருவதில்லை. ஏனென்றால் அது ஒரு கேள்வியாகவே அவர்களுக்குத் தோன்றுவதில்லை.

இரண்டாவது, தேங்குவது. டெங்கு நுளம்பு சாக்கடையில் அல்ல, தெளிந்த நீரிலேதான் பெரும்பாலும் முட்டையிடும். ஒரு யோகட் கப், ஒரு சிரட்டை, கூரைத் தகரத்தின் மேல் மடிந்து கிடக்கும் பொலித்தீன் போதும். முட்டை காய்ந்த நிலையிலும் மாதக் கணக்கில் உயிரோடு இருக்கும். மழை பட்டதும் பொரிக்கும். அதனால்தான் ஒக்டோபரில் மாரி தொடங்க, எங்கள் விடுதிகள் மார்கழி, தை மாதங்களில் நிரம்புகின்றன. நாடு முழுவதும் 2017இல் 186,000இற்கும் மேற்பட்ட டெங்கு நோயாளர் பதிவாகினர். முட்டை நுளம்பாக ஏறத்தாழ ஒரு கிழமை எடுக்கும். ஆகவே கிழமைக்கு ஒரு நாள் வளவைச் சுற்றிப் பார்த்துக் கவிழ்க்க வேண்டியதைக் கவிழ்த்தால் அந்தச் சுற்று அறும். இதற்கு மருந்தும் வேண்டாம், வைத்தியரும் வேண்டாம். 2024 டிசெம்பரில் வடமராட்சிப் பக்கத்தில் பரவி உயிர்களையும் பறித்த காய்ச்சல் எலிக்காய்ச்சல் என்று உறுதியானது. வெள்ளமும் வயல் வேலையும் அதற்கு முக்கிய காரணங்கள். ஆனாலும் ஒரு குப்பை மேடு எலிக்குச் சோறும் வீடும் கொடுக்கின்றது என்பதை மறக்கக் கூடாது.

மூன்றாவது, நாம் அதிகம் பேச விரும்பாதது. எமது முடிச்சைக் கையால் அவிழ்ப்பவர்கள் இருக்கிறார்கள். உடைந்த கண்ணாடி கீறியும், யாரோ ஒருவர் வீட்டில் இன்சுலின் போட்டு எறிந்த ஊசி குத்தியும் நகர சுத்தித் தொழிலாளர்கள் சிகிச்சைக்கு வருகிறார்கள். ஊசி யாருடையது என்று தெரியாது. அதனால் ஈரல் அழற்சி முதல் எச்.ஐ.வி. வரை பரிசோதிக்க வேண்டும், மாதக் கணக்கில் அவரும் அவர் குடும்பமும் பயத்தோடு காத்திருக்க வேண்டும். இந்த வேலையைச் சில குடும்பங்களின் தலையிலேயே தலைமுறை தலைமுறையாகச் சுமத்தி வைத்திருக்கிறோம். அதற்குச் சாதி என்று பெயர். சுத்தம் பற்றிப் பெருமை பேசும் நாங்கள், எங்கள் சுத்தத்தைச் செய்து தருபவருக்கு எந்தக் குவளையில் தண்ணீர் கொடுக்கிறோம் என்பதையும் யோசிக்க வேண்டும். பிரித்துக் கொடுப்பது சூழலுக்குச் செய்யும் உதவி மட்டுமல்ல. இன்னொருவருடைய கைகளுக்கு நாம் கொடுக்கும் மரியாதை.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பீர்கள். நடந்த ஓர் ஊரைச் சொல்கிறோம். கேரளத்திலே ஆலப்புழை என்ற நகரம் இருக்கின்றது. எங்களைப் போலவே கடலும் காயலும் சூழ்ந்த தாழ்ந்த நிலம், கையெட்டும் ஆழத்தில் நிலத்தடி நீர். அந்த நகரின் குப்பை பல ஆண்டுகளாக சர்வோதயபுரம் என்ற இடத்துக்குப் போனது. அங்கிருந்த மக்கள் 2012இல் வண்டிகளை மறித்தார்கள். நகரம் நாறியது. இன்னொரு சர்வோதயபுரத்தைத் தேடுவதை விட்டு, அந்த நகரம் வேறு வழிக்குத் திரும்பியது. உக்கும் கழிவை அந்தந்த வீட்டிலேயே, அந்தந்த வட்டாரத்திலேயே முடிப்பது என்று தீர்மானித்தார்கள். வீடுகளுக்கு உயிர்வாயுக் கலன்களும் பசளைக் குழாய்களும் மானிய விலையில் வந்தன. இடமில்லாத வீடுகளுக்காக வீதியோரங்களில் காற்றோட்டமான பசளைத் தொட்டிகள் கட்டினார்கள். சாணம், சருகு, உணவுக் கழிவு என்று அடுக்கடுக்காகப் போட்டால் ஏறத்தாழ மூன்று மாதத்தில் பசளை. 2017இல் ஐக்கிய நாடுகள் சுற்றாடல் நிகழ்ச்சித் திட்டம் கழிவு முகாமைத்துவத்துக்கு முன்மாதிரியாக எடுத்துக்காட்டிய ஐந்து நகரங்களில் ஆலப்புழையும் ஒன்று. அவர்களிடம் இருந்து எம்மிடம் இல்லாதது எது? சாணம் இருக்கின்றது. சருகு, தினமும் எரிக்கும் அளவுக்கு இருக்கின்றது.

வீட்டில் செய்வதற்கு வேண்டியது மூடியுள்ள ஒரு பீப்பா, அடியிலும் பக்கங்களிலும் துளைகள். கிணற்றிலிருந்து தூரமாக, நிழலில், மழைநீர் புகாதபடி வையுங்கள். ஒரு பங்கு அடுப்படிக் கழிவுக்கு இரண்டு மூன்று பங்கு காய்ந்த சருகு போட்டு மூடுங்கள். கிழமைக்கு ஒரு தடவை கிளறுங்கள். கையில் எடுத்துப் பிழிந்தால் பிழிந்த துணி மாதிரி ஈரம் இருக்க வேண்டும்; நாறினால் சருகு காணாது, உக்காவிட்டால் ஈரம் காணாது. மீனும் இறைச்சியும் தொடக்கத்தில் வேண்டாம். எலியும் நாயும் வரும். இரண்டு பீப்பா வைத்தால் ஒன்று நிரம்ப மற்றது பசளையாகிவிடும். வளவில்லாத மாடி வீடுகளிலும் வாடகை அறைகளிலும் இருப்பவர்கள் அயல் வீட்டோடு சேர்ந்து ஒரு பீப்பா வைக்கலாம்.

காய்ந்த கழிவைக் கழுவி உலர்த்தி ஒரு உரப்பையில் சேர்த்தால் "பழைய போத்தல், இரும்பு" என்று கூவிக்கொண்டு வருபவர் பெரும்பகுதியை எடுத்துவிடுவார். மீள்சுழற்சி என்ற சொல் மேடைக்கு வருவதற்கு முன்பே அதைச் செய்து வருபவர் அவர். அவரை வாசலில் நின்று விரட்டாதீர்கள்.

பெண்களுக்கான ஒரு விடயத்தையும் இந்தச் சபையில் வெளிப்படையாகச் சொல்லலாம். பாவித்த சுகாதாரத் துவாய்களையும் பம்பர்ஸையும் கிணற்றடியில் புதைக்காதீர்கள், மலகூடத்தில் போடாதீர்கள், வளவில் எரிக்காதீர்கள். கடதாசியில் சுற்றித் தனிப் பையில் இட்டு அடையாளம் வைத்துக் கொடுங்கள். துவைத்துப் பாவிக்கும் துணித் துவாய்களும் சரியாக வெயிலில் உலர்த்தினால் பாதுகாப்பானவையே. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இன்சுலின் ஊசிகளைத் தடித்த பிளாஸ்ரிக் போத்தலில் இட்டு இறுக மூடி, நீங்கள் சிகிச்சை பெறும் இடத்தில் கேட்டு ஒப்படையுங்கள்.

சரி, ஒரு சங்கமாக நாம் என்ன செய்யலாம்? மூன்று வேண்டுகோள்களை நூற்றாண்டுத் தீர்மானமாக இந்தச் சபை ஏற்க வேண்டும் என்று கேட்கின்றோம்.

ஒன்று, இந்த ஆண்டு முதல் சங்கத்தின் எந்த நிகழ்விலும் லஞ் சீற்றும் சிறிய தண்ணீர்ப் போத்தலும் பாவிப்பதில்லை. வாழையிலை, கழுவக்கூடிய கோப்பை, வடிகட்டிய தண்ணீர்க் கலன். நூறு ஆண்டு கடந்த ஒரு சங்கத்தால் நூறு கோப்பை கழுவ முடியும்.

இரண்டு, கல்லூரியின் விடுதிச் சமையலறையிலிருந்தும் சிற்றுண்டிச்சாலையிலிருந்தும் உக்கும் கழிவு ஒரு பிடியும் படலைக்கு வெளியே போகாதபடி பசளைத் தொட்டிகள் அமைப்பது. அதைப் பராமரிப்பது சுகாதார வேலையாளின் தலையில் மட்டும் விழாமல், மாணவிகளும் ஆசிரியைகளும் முறை வைத்துச் செய்ய வேண்டும். பரிசளிப்பு விழா மேடைக்கு வைக்கும் பூச்சாடிகள் அந்தப் பசளையில் வளரட்டும்.

மூன்று, கல்லூரியைச் சுற்றியுள்ள ஒழுங்கைகளில் ஒன்றைத் தெரிந்தெடுப்பது. இருபது வீடு போதும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் மாநகர சபையையும் அழைத்து, உக்கும் கழிவு வீட்டிலேயே நிற்கும், காய்ந்தது எந்த நாளில் எடுக்கப்படும் என்று எழுத்தில் உடன்பாடு செய்வது. ஓராண்டு நடந்து, அந்த ஒழுங்கையிலிருந்து போகும் சுமை எவ்வளவு குறைந்தது என்று நிறுத்துப் பார்த்து எழுதி வைப்பது. அந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த ஒழுங்கைக்குப் போகலாம். சபையிடமும் உரிமையோடு கேட்கலாம்.

இந்த மலரைத் தூர தேசங்களில் இருந்து வாசிக்கும் சகோதரிகளுக்கும் ஒரு சொல். நீங்கள் அங்கே பச்சை, நீலம் என்று தொட்டி பிரித்து, யோகட் கப்பைக் கழுவித்தான் போடுகிறீர்கள். நல்லூர்த் திருவிழாவுக்கு ஊருக்கு வந்ததும் அந்தப் பழக்கத்தை விமான நிலையத்தில் விட்டுவிடாதீர்கள். நீங்கள் மண்டபம் எடுத்துச் செய்யும் ஒவ்வொரு சாமத்திய வீட்டுக்கும் கலியாணத்துக்கும் பின்னர் ஒரு பெட்டிச் சுமை கல்லுண்டாய்க்குப் போகின்றது. கல்லூரிக்கு உதவ விரும்புவோர் கட்டடத்தின் கல்வெட்டோடு நின்றுவிடாமல், எமது குப்பையை எடுப்பவர்களுக்குக் கையுறை, சப்பாத்து, ஏற்புவலித் தடுப்பூசி, ஈரல் அழற்சி பி தடுப்பூசி என்பன கிடைக்க உதவுங்கள். அதற்குக் கல்வெட்டு இருக்காது. ஆனால் அந்தப் பணத்தில் ஒருவருடைய கை காப்பாற்றப்படும்.

எமது பள்ளிக்கூடம் எமக்குக் கூட்டவும் பெருக்கவும் கற்றுத் தந்தது. எமது வகுப்பறையைக் கூட்டி அடுத்த வகுப்பின் வாசலில் குவிக்க எந்த ஆசிரியையும் விடவில்லை. அந்த ஒழுக்கத்தை ஊரளவுக்கு விரிப்பதே எமது கோரிக்கை. கல்லுண்டாயில் இருப்பவர்களும் எமது அடுத்த வகுப்புத்தான். பொதுக்கூட்டம் முடிவதற்கு முன்னர் மூன்று தீர்மானங்களையும் வாக்குக்கு விடும்படி தலைவி அவர்களைக் கேட்டுக்கொள்கின்றோம்.